தலைக்கு மேல் வந்த போர்: 1942-இல் சென்னையும் திருகோணமலையும்

(பெருங்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பேசத் தொடங்கும் முன் ஒரு பொருளைக் காட்டிவிடுகிறேன். உள்ளங்கை அகலம் உள்ள கண்ணாடிச் சில்லு இது. மயிலாப்பூரில் எங்கள் பெரியப்பா வீட்டை இடித்தபோது கிடைத்தது. கூடத்துச் சுவரில் உத்தரத்துக்குக் கீழே இருந்த வென்டிலேட்டர் கண்ணாடி. ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. இடித்துக்கொண்டிருந்த கொத்தனார், "தார் பட்டிருக்கு சார், போகாது" என்றார். பெரியம்மா அப்போது வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "தார் இல்லப்பா. ஜப்பான்காரன் குண்டு போடறான்னு வெளிச்சம் வெளியே தெரியாம இருக்கப் பூசினது" என்று சொன்னார். நான் படித்த சரித்திரப் புத்தகங்களில் இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் நடந்தது, பர்மாவில் நடந்தது. எங்கள் வீட்டுக் கூடத்திலும் நடந்தது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கடற்கரை நகரம் ஒன்றை வானத்திலிருந்து வரும் எதிரியிடமிருந்து காப்பதற்கு அன்று என்ன வழி இருந்தது, அது எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதே இன்றைய பேச்சு. விமான எதிர்ப்புப் பீரங்கி மேடை என்பது படைத்துறைக்காரர்களின் விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்த மேடையின் நிழலில் குடியிருந்த சனங்களின் கதையாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

இங்கிருந்து கிழக்கே போனால் பக்கிங்காம் கால்வாய். அதைத் தாண்டினால் கொட்டிவாக்கம், பாலவாக்கம். அப்புறம் கடல். 2011-இல்தான் பெருங்குடி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 1942-இல் இது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, கிழக்கே கால்வாயும் மணலும். வடக்கே இருந்த பட்டணத்தில் கலவரம் என்றால் அது கால்வாய்த் தோணிக்காரர் வழியாகவும் இங்கே வந்து சேர்ந்திருக்கும்.

முதலில் எம்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. தளபதியின் பெயர் கார்ல் ஃபான் முல்லர். உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேல் அன்று நம் கலங்கரை விளக்கம் இருந்தது. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் அது வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. எதிரிக்கு நாமே வழிகாட்டினோம். கப்பலின் தேடு விளக்கு பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகள் மேல் விழுந்தது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 125 குண்டுகள். மூன்றரை லட்சம் காலன் அளவுக்கு எண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலும் அடிபட்டது. கரையில் பீரங்கி இல்லாமல் இல்லை. கோட்டைக்கு வடக்கே கிளைவ் பேட்டரி என்ற பீரங்கி மேடை இருந்தது. அது விழித்துச் சில குண்டுகள் சுட்டபோது எம்டன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நழுவிவிட்டது. ஒரு குண்டும் அதன் மேல் படவில்லை.

கிளைவ் பேட்டரி இன்று பஸ் நிறுத்தத்தின் பெயராக மட்டும் வாழ்கிறது. எம்டனோ தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. "அவன் பெரிய எம்டன்" என்று கண்டிப்பான அப்பாக்களை, கைகாரர்களைச் சொல்கிறோம். 2006-இல் ஒரு திரைப்படத்துக்கு எம்டன் மகன் என்று பெயர் வைக்கும் அளவுக்கு அந்தச் சொல் ஊறிப்போயிருக்கிறது. அடித்தவன் பெயரை மொழியில் வைத்துக்கொண்டோம். தடுக்க வேண்டிய மேடை ஏன் தாமதமாக விழித்தது என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு முக்கியம் இந்தக் கேள்விதான். கையில் பீரங்கி இருந்தது. எதிரி வருகிறான் என்று சொல்ல ஆள் இல்லை. விளக்கை அணைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த போரில் எதிரி வானத்தில் வந்தான். அங்கே கதை இன்னும் கடினமானது.

விமான எதிர்ப்புப் பீரங்கி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்க அனுமதியுங்கள். இது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். பிரிட்டிஷ் படைகளிடம் இருந்த கனரகப் பீரங்கியின் குழல் வாய் 3.7 அங்குலம். குண்டின் எடை 28 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13 கிலோ. ஒரு மேடை என்றால் பெரும்பாலும் நான்கு பீரங்கிகள். ஒவ்வொன்றும் இடுப்பளவு, மார்பளவு சுவர் சூழ்ந்த குழிக்குள் நிற்கும். சுவரில் குண்டுகளை அடுக்க மாடங்கள். நடுவே கட்டளை அறை. இப்போது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டு அதன் உயரத்துக்குப் போய்ச் சேர 15 விநாடி ஆகும் என்றால், அந்த 15 விநாடியில் விமானம் 1,250 மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே விமானத்தைப் பார்த்துச் சுட்டால் பயனில்லை. அது போய்ச் சேரப்போகும் வெற்று வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். உயரத்தை அளக்க ஒரு கருவி, திசையையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட இன்னொரு கருவி. கணக்கு வந்ததும் ஒவ்வொரு குண்டின் மூக்கிலும் உள்ள திரியை இத்தனை விநாடியில் வெடி என்று திருகி வைக்க வேண்டும். அப்புறம்தான் குழலில் ஏற்றுவார்கள். தாழப் பறந்து வருபவற்றுக்கு ஸ்வீடன்காரர்களின் 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ். அது நிமிடத்துக்கு 120 குண்டு சுடும்.

இதையெல்லாம் செய்ய ஒரு கூட்டம் ஆட்கள் வேண்டும். அவர்களுக்குச் செய்தி முன்கூட்டியே வந்தாக வேண்டும். 90 மைலுக்கு அப்பாலேயே வருகிறது என்று ஒருவர் சொன்னால் குழியில் இருப்பவர்களுக்கு இருபது நிமிடமாவது கிடைக்கும். தலைக்கு மேல் இரைச்சல் கேட்ட பிறகு ஓடினால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே பீரங்கி மேடையின் உயிர் அதன் குழலில் இல்லை, தொலைபேசிக் கம்பியில் இருக்கிறது.

பீரங்கியே இல்லாத ஊரின் கதி என்ன என்று தமிழர்கள் முதலில் பினாங்கில் பார்த்தார்கள். 1941 டிசம்பர் 11. ஜார்ஜ் டவுனில் விமான எதிர்ப்புப் பீரங்கி கிடையாது. வந்த விமானங்களை வேடிக்கை பார்க்கச் சனங்கள் தெருவில் கூடி நின்றார்கள். அவர்கள் மேலேயே குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் வெள்ளைக்கார அதிகாரிகளும் குடும்பங்களும் இரவோடு இரவாகக் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். ஊரில் இருந்த சீனர், மலாய்க்காரர், தமிழர் யாருக்கும் சொல்லவில்லை. டிசம்பர் 23-இலும் 25-இலும் ரங்கூனில் குண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச் 8-இல் ரங்கூன், மார்ச் 23-இல் போர்ட் பிளேர். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் அரக்கான் மலையிலும் அஸ்ஸாம் காட்டிலும் கால்நடையாக, பர்மாத் தமிழர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரங்கூனில் துறைமுகக் கூலிகள் எப்படிச் செத்தார்கள் என்று அவர்கள் சொன்ன கதை, பத்திரிகைச் செய்தியை விட வேகமாகச் சென்னைத் தெருக்களில் பரவியது.

சென்னை மக்கள் 1942-இல் பீதியில் ஓடியதைப் பிற்காலத்தில் கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் ஓடியது அறியாமையால் அல்ல, நன்றாக அறிந்ததால்தான். அண்டை வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு வந்து நிற்கும்போது, பீரங்கி இருக்கிறது பயப்படாதே என்று அரசாங்கம் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோ தலைமையில் ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்கள். சுமார் 125 விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. முந்தின நாளே லெனர்ட் பர்ச்சல் என்ற கனடா விமானி காடலினா விமானத்தில் இருந்து அந்தக் கப்பல் கூட்டத்தைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டார். அவரைச் சுட்டு வீழ்த்திச் சிறைப்பிடித்தார்கள். அப்படி உயிரைப் பணயம் வைத்து அனுப்பிய எச்சரிக்கை கையில் இருந்தும், மறுநாள் காலை கடைசி நேரச் செய்தி கிடைக்கவில்லை. கொழும்பின் போர் விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி வந்துவிட்டான்.

நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அங்கே ரேடார் சுமார் 90 மைல் தொலைவிலேயே கண்டுபிடித்தது. விமானங்கள் மேலே ஏறின, பீரங்கிக் குழிகளில் ஆட்கள் நின்றார்கள். துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பலவற்றை முந்தின இரவே வெளியே அனுப்பிவிட்டார்கள். கோணேசர் கோயில் நிற்கும் பாறைக்கடியில் பிரட்றிக் கோட்டை, எதிரே ஒஸ்டன்பர்க் மேடு. டச்சுக்காரர் காலம் முதல் கடலைப் பார்த்துப் பீரங்கி வைத்த இடங்கள் அவை. அன்று காலை அவற்றின் மேல் வானம் முழுக்கப் புகைத் திட்டுகள். எதிரி நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீனக்குடா விமானத் தளம் நொறுங்கியது, சகாயிங் என்ற சரக்குக் கப்பல் எரிந்தது. அடிபட்ட ஜப்பானிய விமானம் ஒன்று சீனக்குடாவின் எண்ணெய்த் தொட்டி மேல் போய் மோதியது. அந்தத் தீ பல நாள் அடங்கவில்லை. 101 தொட்டிகளாகக் கட்டியதில் இன்று 99 நிற்கின்றன. விமானம் மோதிய தொட்டி நின்ற இடத்தில் உருகி வளைந்த இரும்பு இன்றும் கிடக்கிறது. பாதுகாப்புக்காக வெளியே அனுப்பிய ஹெர்மிஸ் கப்பலை மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் தேடிப் பிடித்து மூழ்கடித்தார்கள். அதில் இறந்தவர்கள் 307 பேர். விமானம் தாங்கிக் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை.

இருந்தும் திருகோணமலைக்கும் கொழும்புக்கும் வேறுபாடு உண்டு. திருகோணமலையில் செய்தி வந்தது. குழியில் இருந்தவன் தன் வேலையைச் செய்ய முடிந்தது.

இடையில் ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. இரண்டும் அன்றைய சென்னை மாகாணத்து ஊர்கள். வங்கக் கடலில் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை ஜப்பானியர் மூழ்கடித்தார்கள். ஏப்ரல் 7-இல் ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்று செய்தி. அப்போது கவர்னர் ஆர்தர் ஹோப். அவசரப் பணி இல்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. அரசு அலுவலகங்கள் கோப்புகளோடு உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. சென்ட்ரலிலும் எழும்பூரிலும் ரயில் ஏற இடமில்லை. எங்கள் பெரியம்மாவின் குடும்பம் கும்பகோணத்துக்குப் போனது. எடுத்துப் போன சாமான்களில் ஒன்று வெண்கலப் பானை, இன்னொன்று தையல் மெஷின். வண்டிக்காரர் கேட்ட கூலி மாதச் சம்பளத்துக்குச் சமம் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களின் ஒரு செயலை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கும். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பீப்பிள்ஸ் பார்க்கில் உயிர்க்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று சிங்கம், புலி, சிறுத்தை, கரடிகளைப் போலீஸ் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். சென்னையில் அந்த ஏப்ரலில் சுட்ட துப்பாக்கி எதிரியை நோக்கிச் சுடவில்லை. கூண்டுக்குள் இருந்த விலங்குகளை நோக்கிச் சுட்டது.

ஜப்பானியக் கப்பற்படை சென்னைக்கு வரவில்லை. திரும்பிப் போய்விட்டது. ஆனால் மக்கள் கண்டது வேறு. ஆள்பவர்கள் முதலில் மூட்டை கட்டினார்கள். அதற்குப் பின் எத்தனை பீரங்கி கொண்டுவந்து நிறுத்தினாலும் மனத்தில் விழுந்த ஓட்டை அடைபடாது. இதை அரசியலில் உடனே புரிந்துகொண்டவர் ராஜாஜி. ஏப்ரல் 23-இல் சென்னை மாகாண சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி அவர் முன்மொழிந்த தீர்மானங்களை ஏற்றது. முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஒப்புக்கொண்டாவது ஒரு தேசிய அரசாங்கம் வேண்டும் என்றது ஒன்று, சென்னையில் மக்கள் பொறுப்பாட்சி திரும்ப வேண்டும் என்றது மற்றொன்று. அதற்காக அவர் பட்ட வசவு கொஞ்சமல்ல. ஜூலையில் காங்கிரஸை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. பாகிஸ்தான் பற்றிய விவாதமாக மட்டுமே அந்தத் தீர்மானத்தைப் படிப்பவர்கள், விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்து மூன்று வாரம்கூட ஆகாத நாட்களில் அது நிறைவேறியது என்பதை மறந்துவிடுகிறார்கள். தன் ஊரைத் தானே காக்க அதிகாரம் இல்லாத ஒரு தலைவரின் தவிப்பு அதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து வந்தது ஏ.ஆர்.பி., அதாவது விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைக் காலம். வார்டன்கள், அபாயச் சங்கு, இருட்டடிப்பு, தெருமுனை மணல் மூட்டைகள், பார்க்குகளில் பதுங்குகுழிகள், மோட்டார் வண்டியின் முன் விளக்கில் பாதிக் கறுப்பு. இந்தக் கண்ணாடியின் கறுப்பும் அப்போது வந்ததுதான். செங்குன்றம் ஏரியில் காடலினா விமானங்கள் வந்து இறங்கின. சோழவரத்தில் ஓடுதளம் போட்டார்கள். பின்னாளில் மோட்டார் பந்தயம் பார்க்கப் போன இடம் அதுவே. தாம்பரத்திலும் பரங்கிமலையிலும் விமானப்படை. 1943 அக்டோபரில் ஒரு தனி ஜப்பானிய விமானம் இரவில் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. சேதம் அதிகமில்லை. அதே மாதம் கூவமும் அடையாறும் கரை புரண்டு நகரம் வெள்ளத்தில் தவித்தது. அந்த ஆண்டை நினைவு வைத்திருந்த பெரியவர்கள் வெள்ளத்தைச் சொன்னார்கள். குண்டைச் சொன்னவர்கள் குறைவு.

பீரங்கிக் குழியில் நின்றவன் யாருக்காக நின்றான் என்ற கேள்விக்கும் வருகிறேன். இலங்கையில் 1888-இல் தொண்டர் படையாகத் தொடங்கியது சிலோன் பீரங்கிப் படை. 1918 முதல் சிலோன் கேரிசன் ஆர்ட்டிலரி என்று பெயர். அதில் ஒரு பிரிவைக் கோகோஸ் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1914 நவம்பர் 9-இல் எம்டன் முடிவு கண்டது அதே தீவுகளில். அங்கே ஹார்ஸ்பர்க் தீவில் இரண்டு 6 அங்குலப் பீரங்கிகள். 1942 மே மாதம் ஒரு இரவில் அந்தப் பீரங்கிக்காரர்கள் கிரேஷியன் பெர்னாண்டோ தலைமையில் தம் வெள்ளை அதிகாரிக்கு எதிராகவே எழுந்தார்கள். கலகம் அடங்கியது. பெர்னாண்டோ உட்பட மூவரை ஆகஸ்டில் தூக்கிலிட்டார்கள். அந்தப் போரில் கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட காமன்வெல்த் வீரர்கள் இந்த மூவர் மட்டுமே. அவர்கள் செய்தது சரியா தவறா என்பதில் இன்றும் இலங்கையில் இரு கருத்து உண்டு. ஜப்பானியர் ஆட்சி எப்படி இருக்கும் என்று அவர்கள் தவறாகக் கணக்கிட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் யாருடைய கடலை யாருக்காகக் காக்கிறோம் என்று ஒரு பீரங்கிக்காரன் கேட்டதில் தவறு காண என்னால் முடியவில்லை.

இங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் போகக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. நந்தம்பாக்கத்தில், மவுண்ட் பூந்தமல்லி சாலையில், போர்க் கல்லறைத் தோட்டம். 1952-இல் பல ஊர்களிலிருந்த கல்லறைகளை ஒன்றுசேர்த்து அமைத்தது. இரண்டாம் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். வெள்ளைக் கற்களின் வரிசையில் நடந்தால், சில கற்களில் சக்கரம் வைத்த பீரங்கி செதுக்கியிருப்பதைக் காணலாம். அது பீரங்கிப் படையின் முத்திரை. பல கற்களில் வயது: 21, 23, 26. தோட்டத்தை அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள். பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, படைப் பிரிவு இருக்கிறது. சென்னையின் ஏ.ஆர்.பி. வார்டன்களுக்கு, சங்கு ஊதியவர்களுக்கு, ரங்கூன் துறைமுகத்தில் செத்த தமிழ்க் கூலிகளுக்கு அப்படியொரு கல் எங்கேயும் இல்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து ரகசியக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் இருப்பது அரசாங்கத்தின் குரல். வீட்டுக்குள் நடந்தது வீட்டில்தான் இருக்கிறது. கும்பகோணத்துக்கும் காரைக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் போன குடும்பங்கள் எழுதிய அஞ்சலட்டைகள், வார்டன் கைப்பட்டை, ரேஷன் சீட்டு, பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் வைத்திருந்த பாஸ். பரண் மேல் உள்ள டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாள்களை எப்படிக் காப்பது என்று அங்கே கேளுங்கள்.

தொண்ணூறை நெருங்கும் பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவே அவர் பக்கத்தில் உட்காருங்கள். "ஜப்பான்காரன் வரான்னு சொன்னப்போ நீங்க எந்த ஊருக்குப் போனீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் கைபேசியில் பதிவு செய்துவிடுங்கள். எங்கள் பெரியம்மாவிடம் நான் அப்படிப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டேன்.